கேரவன் இழுக்க உங்கள் கார் போதுமா? பாம்பன் பாலம் ஏறும் முன் ஒரு கணக்கு

"எஞ்சின் இழுக்குமா அண்ணே?" என்றுதான், கேரவன் (காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகும், உள்ளே தங்கக்கூடிய வண்டி) இழுக்க நினைக்கும் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இழுத்துவிடும். இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது, சின்ன டீசல் கார்கூடப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் திடீரென்று ஆடு குறுக்கே வந்தால் நிற்குமா, கடல்காற்று பக்கத்திலிருந்து அடிக்கும்போது பின்னால் வருவது காரையும் சேர்த்து ஆட்டாமல் இருக்குமா, அதுதான் கேள்வி.

முதலில் காரின் கையேட்டைப் பாருங்கள். பிரேக் உள்ள டிரைலருக்கு ஓர் எடை, பிரேக் இல்லாததற்கு அதைவிடக் குறைவான எடை போட்டிருக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் கம்பெனியிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள், ஹிட்ச் (காரின் பின்னால் பொருத்தும் இழுவைக் கொக்கி) மாட்டித் தருபவரின் வாய்ச்சொல் போதாது. அப்புறம் பிரிட்டனில் கேரவன் வைத்திருப்பவர்கள் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கம்: புதிதாக இழுப்பவர்கள், காரின் கெர்ப் வெயிட்டில் (சாமான் ஏற்றாத காரின் எடையில்) 85 சதவீதத்துக்குள் கேரவனின் முழு எடை இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். சட்டம் இல்லை, ஆனால் நல்ல அளவுகோல். கார் 1,600 கிலோ என்றால் கேரவன் 1,360 கிலோவுக்குள். கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் கையேடு சொல்வதுதான்.

முழு எடை என்றால் சாமான் ஏற்றிய எடை. கேரவன் விற்பவர் சொல்வது பெரும்பாலும் வெறும் வண்டியின் எடை, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். உப்பு லாரியும் கரி லாரியும் எடை போடுகிற எடைமேடைக்கே கொண்டுபோய், காரைக் கழற்றிவிட்டு, கேரவனை மட்டும் நிறுத்திச் சீட்டு வாங்குங்கள்.

நம் பக்கத்தில் ஆளைக் கவிழ்ப்பது தண்ணீர். கடற்கரையில் உப்புத் தண்ணீர்தான் என்று கேன் கேனாக ஏற்றிக்கொண்டு கிளம்புவோம், ஒரு கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. முதல் பயணத்தில் நான் நாலு கேனைக் கேரவனின் பின்கோடியில் வைத்தேன். பாம்பன் பாலத்தில் எதிரே ஒரு பஸ் கடந்த நொடியில் கேரவன் வால் ஆட்ட ஆரம்பித்தது, பின்சீட்டில் பிள்ளைகள், எனக்குக் கை நடுங்கிவிட்டது. பின்னால் பாரம் ஏறினால் முன்கொக்கி மேலே தூக்கும், காரின் பின்சக்கரங்களுக்குப் பிடிப்புக் குறையும். கனமானதெல்லாம் கேரவனின் சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

கொக்கியில் இறங்கும் பாரம் கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்கட்டும். 1,200 கிலோ கேரவனுக்கு 60 முதல் 84 கிலோ. சாமான் ஏற்றிய பிறகு, கேரவனைச் சமமாக நிறுத்தி, வீட்டில் ஆள் எடை பார்க்கிற மிஷினைக் கொக்கிக்கு நேர் கீழே ஒரு கட்டையோடு வைத்தால் தெரிந்துவிடும். கார் தாங்கும் வரம்பும் கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. இந்தப் பாரமும் காரில் ஏறும் சுமையில் சேர்த்திதான், ஆட்களோடு கூட்டிப் பாருங்கள்.

டயர் காற்று, குறுக்காகப் போட்ட பாதுகாப்புச் சங்கிலி, பிரேக் லைட், இவற்றைக் கிளம்பும்போது ஒரு சுற்றுப் பார்த்தால் போதும்.

பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், மறைப்பு எதுவும் கிடையாது. பக்கத்தில் இருந்த பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைப்பார்கள். ஆடிக் காற்றில் கேரவனோடு ஏறவே ஏறாதீர்கள், மண்டபத்தில் நிறுத்திக் காத்திருங்கள். மற்ற நாளில் 40-க்கு மேல் போக வேண்டாம். வால் ஆட ஆரம்பித்தால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், அது தானாக அடங்கும் வரை பிரேக்கைப் போட்டு மிதிக்காதீர்கள்.