குச்சி ஐஸில் நான் பண்ணிய தவறுகள், இப்போது நீங்கள் பண்ணுகிறவை

போன வாரம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கோடை விடுமுறைக்குத் தெருப்பிள்ளைகளுக்குக் குச்சி ஐஸ் போட்டு விற்கலாம் என்று யோசனை. கையோடு கொண்டுவந்த தெர்மாகோல் டப்பாவைத் திறந்து, "அக்கா, இதைக் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள். எலுமிச்சை ஐஸ். கடித்தேன், பல் வழுக்கிக்கொண்டு போனது. சரி, உறிஞ்சிப் பார்ப்போம் என்றால், நாலே உறிஞ்சலில் மஞ்சள் மொத்தமும் வாய்க்குள் வந்துவிட்டது. கையில் மிச்சம் இருந்தது குச்சியில் குத்தி வைத்த வெறும் பனிக்கட்டி.

"சர்க்கரை எவ்வளவு போட்ட கண்ணு?"

"கம்மியாத்தான் போட்டேங்க்கா. குழந்தைங்க சாப்பிடறது, ஹெல்தியா இருக்கட்டுமேன்னு."

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவள் மேல் இல்லை, அந்த யோசனை மேல்.

கை கழுவுங்கள், அச்சைத் துடைத்து வையுங்கள், ஃப்ரீஸர் கதவை அடிக்கடி திறக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

சர்க்கரையைக் குறைப்பது

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு காதுகுத்துக்கு 150 மாம்பழ ஐஸ் ஆர்டர். ஒன்று 15 ரூபாய். தொழில் தொடங்கி மூன்றாவது மாதம், அதுவரை எனக்கு வந்ததிலேயே பெரிய ஆர்டர் அதுதான். அந்த வீட்டு அம்மா, "சர்க்கரை பாதி போட்டாப் போதும்மா, மல்கோவாவே இனிப்புத்தானே" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. 8 கிலோ மல்கோவா வாங்கி, கூழெடுத்து, கலவையை வாயில் விட்டுப் பார்த்தேன். இனிப்பு கச்சிதமாக இருந்தது. கூழ் கொஞ்சம் கெட்டியாகத் தெரிந்ததால் தண்ணீரும் தாராளமாக விட்டேன்.

விசேஷ வீட்டில் பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னப் பையன் ஐஸைத் தூணில் தட்டி உடைத்துக்கொண்டிருந்தான். இன்னொரு பிள்ளை கடிக்கப் போய், ஐஸில் இரண்டு முன்பல்லின் கோடு மட்டும் வெள்ளையாக விழுந்திருந்தது. பெரியவர் ஒருவர் என்னிடமே, "ஏம்மா, இதுல மாம்பழம் போட்டிருக்கா?" என்று கேட்டார். வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். பணம் போனதைவிட அந்தக் கேள்விதான் இன்றைக்கும் உறுத்துகிறது. 8 கிலோ மல்கோவா போட்டிருந்தேன்!

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. பாயசத்தில் சர்க்கரையின் வேலை இனிப்போடு முடிந்துவிடும். ஐஸில் அதற்கு இரண்டு வேலை. தண்ணீர் உறையும்போது தன்னுடன் எதையும் சேர்த்துக்கொள்ளாது. சர்க்கரை, நிறம், புளிப்பு எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டுத் தான் மட்டும் படிகமாகும். தள்ளப்பட்டதெல்லாம் படிகங்களுக்கு நடுவில் உள்ள சந்துகளில் பாகாகத் தேங்கும். நேரம் ஆக ஆக அந்தப் பாகு கெட்டியாகும், கெட்டியாக ஆக அது உறைவதும் கடினமாகிக்கொண்டே போகும். அதனால்தான் நம் வீட்டு ஃப்ரீஸர் மைனஸ் 18 டிகிரியில் ஓடினாலும் ஐஸுக்குள் ஒரு பங்கு பாகு உறையாமலே நிற்கிறது. பல் இறங்குவது அந்தப் பாகினால்தான். சர்க்கரையைப் பாதியாக்கினால் அந்தப் பாகும் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். மிச்சம் இருக்கிற இடமெல்லாம் கல்.

சின்ன வயதில் ஐஸ் வண்டியில் வாங்கிய சேமியா ஐஸை நினைத்துப் பாருங்கள். இரண்டு உறிஞ்சலில் நிறமெல்லாம் நாக்குக்கு வந்துவிடும், ஐஸ் வெளுத்துப் போகும். அன்று அது எங்களுக்கு ஒரு விளையாட்டு, யார் ஐஸ் முதலில் வெளுக்கிறது என்று போட்டி. நாம் உறிஞ்சியது அந்தச் சந்துப் பாகைத்தான். சர்க்கரையும் கூழும் குறைவாக இருந்தால் படிகம் பெரிது பெரிதாக வளரும், பாகைப் பிடித்து வைக்க உள்ளே ஒன்றும் இருக்காது. கெட்டிக் கூழ் போட்ட மாம்பழ ஐஸ் அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது.

குச்சி ஐஸுக்குத் தொடக்கம் என்று சொல்லப்படுகிற கதையும் இதில்தான் நிற்கிறது. 1905-ல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஃபிராங்க் எப்பர்சன் என்ற 11 வயதுப் பையன், கலக்குகிற குச்சியோடு ஒரு டம்ளரை ராத்திரிக் குளிரில் வாசலில் மறந்துவிட்டுப் போனான், காலையில் அது உறைந்து குச்சி ஐஸாக நின்றது என்பார்கள். டம்ளரில் இருந்தது இனிப்புச் சோடாப்பொடி கலந்த தண்ணீர். வெறும் தண்ணீராக இருந்திருந்தால் அவன் ஒரு நக்கு நக்கிவிட்டுத் தூக்கி எறிந்திருப்பான்.

சரி, கணக்குக்கு வருவோம். பழ ஐஸ் என்றால் கலவையின் எடையில் 16 முதல் 20 சதவீதம் சர்க்கரை இருக்க வேண்டும், பழத்தின் சொந்த இனிப்பையும் சேர்த்து. நன்றாகப் பழுத்த மாம்பழக் கூழில் ஏறக்குறைய 14 சதவீதம் சர்க்கரை தானாகவே உண்டு. 600 கிராம் கூழ், 300 மில்லி தண்ணீர், 100 கிராம் சர்க்கரை போட்டால் ஒரு கிலோ கலவைக்கு மொத்தம் 184 கிராம் ஆகிறது. சரியான அளவு. காதுகுத்துக்கு நான் போட்டது 400 கிராம் கூழ், 550 மில்லி தண்ணீர், 50 கிராம் சர்க்கரை. கூட்டினால் 106 கிராம்தான். ஐஸ் கல்லாகாமல் என்ன செய்யும்? எலுமிச்சையில் பழத்தின் பங்கு இனிப்பு ஒன்றும் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கலவைக்கு 170, 180 கிராம் சர்க்கரையை நாம்தான் போட வேண்டும். இளநீரிலும் தர்ப்பூசணியிலும் ஏமாந்துவிடாதீர்கள். குடிக்கும்போது இனிக்கும், உறைந்தால் பச்சைத் தண்ணீர்.

தராசு இல்லையென்றால் முட்டையைப் போட்டுப் பார்க்கலாம். உப்புத் தண்ணீருக்குப் பார்ப்பது மாதிரியேதான். கழுவித் துடைத்த புது முட்டையைப் பாகில் விட்டால், அடியில் படுத்துக்கொள்ளாமல் மேலே எழும்பப் பார்க்கிற பதம் கிட்டத்தட்ட 20 சதவீதம். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெளியே தலை காட்டினால் சர்க்கரை கூடிவிட்டது. பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கும், அதை நம்பாதீர்கள். கூழ் போட்ட பிறகும் இது வேலைக்கு ஆகாது, வடிகட்டிய சாற்றுக்கும் பாகுக்கும்தான். எங்கள் மாமியார் இருந்தவரை முட்டை என் சமையலறைக்குள் வந்ததில்லை. நான் தராசில்தான் கற்றுக்கொண்டேன்.

நாக்கை நம்பி அளவு போடுவதும் இதே தவறுதான். குளிரில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும். கலவையாக இருக்கும்போது "ஐயோ, கொஞ்சம் திகட்டுதே" என்று தோன்ற வேண்டும். கச்சிதமாக இருக்கிறது என்று தோன்றினால் உறைந்தபின் சப்பென்று இருக்கும்.

"அப்போ சுகர்-ஃப்ரீ மாத்திரை போடட்டுமா அக்கா?" மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். அது நாக்கை ஏமாற்றும், தண்ணீரை ஏமாற்றாது. துளி மாத்திரையால் உறைநிலை அசையவே அசையாது. தேனும் நாட்டுச் சர்க்கரையும் போட்டு "சர்க்கரையே சேர்க்கவில்லை" என்று எழுதி ஒட்டுகிறவர்களிடம் நான் பேசுவதில்லை.

அந்தக் காதுகுத்துக்குப் பிறகு நான் ஒரு மாதம் மறுபக்கம் சாய்ந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயத்தில் சர்க்கரையை அள்ளிப் போட்டேன், போதாததற்குத் தேன் வேறு. தேனில் இருக்கிற இனிப்பு உறைநிலையைச் சர்க்கரையைவிட அதிகமாக இறக்கிவிடும். ராத்திரி முழுக்க ஃப்ரீஸரில் இருந்தும் குச்சியை இழுத்தால் குச்சி மட்டும் வந்தது.

பிள்ளைகளுக்குச் சர்க்கரை கூடாது என்று உண்மையாகவே கவலைப்படுகிறீர்களா? அச்சைச் சின்னதாக்குங்கள். 80 மில்லி அச்சுக்குப் பதில் 40 மில்லி. உள்ளே போகிற சர்க்கரை பாதியாகிவிடும், ஐஸ் ஐஸாகவே இருக்கும். அம்மாபேட்டைப் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன். "சின்னதாக் குடுத்தா வாங்குவாங்களாக்கா?" என்றாள். கல்லைக் கொடுத்தால் மட்டும் வாங்குவார்களா?

சர்க்கரை கரையாமல் ஊற்றுவது

அச்சின் அடியில் போய்ப் படிந்துவிடும். நுனி கொழகொழவென்று ஒழுகும், குச்சிப் பக்கம் பல்லை உடைக்கும். பாகு காய்ச்சி ஆறவைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

சூட்டோடு ஃப்ரீஸரில் வைப்பது

அவசரம். எனக்கும் இருந்தது. வெதுவெதுப்பான கலவையை உள்ளே வைத்தால் அது குளிர்வதற்கே இரண்டு மணி நேரம் பிடிக்கும். பக்கத்தில் ஏற்கெனவே உறைந்து நிற்கிற ஐஸும் அதற்குள் வியர்த்துவிடும். மெதுவாக உறைந்தால் படிகம் பெருக்கும். கடித்தால் நறநறவென்று வாயில் படுவது அதுதான். நான் இப்போதெல்லாம் முதல் நாள் ராத்திரியே கலவையை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, காலையில்தான் அச்சில் ஊற்றுகிறேன். அச்சு ஃப்ரீஸரின் தரையைத் தொட்டுக்கொண்டு உட்கார வேண்டும், கோழிக்கறிப் பொட்டலத்தின் மேல் இல்லை.

குல்ஃபிக்காரர்கள் உடைத்த ஐஸில் கல்லுப்பைக் கொட்டிப் பானையைக் குலுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு போட்டால் மைனஸ் 20 வரைக்கும் இறங்கும். உப்புத் தண்ணீர் அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொள்வதால் வீட்டு ஃப்ரீஸரைவிட வெகுவேகமாக உறையும். மின்சாரம் போன ஒரு மே மாதத்தில் இந்த முறைதான் என்னைக் காப்பாற்றியது. அச்சு மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் உப்பு உள்ளே போய்விடும். அதையும் ஒரு தடவை சாப்பிட்டிருக்கிறேன்.

பாலைச் சுண்டக் காய்ச்சாமல் பால் ஐஸ்

ஆவின் பாலில் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. பால் ஐஸுக்கு ஆரஞ்சு வாங்குங்கள். ஒரு லிட்டரை 600 மில்லியாகச் சுண்டக் காய்ச்சுங்கள். காய்ச்சும்போது வெளியேறுகிற ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரும் ஐஸில் கல்லாகியிருக்க வேண்டியது. கேஸ் செலவாகிறது என்று பாதியில் இறக்கிவிட்டு, கெட்டிக்காகச் சோள மாவை நாலு கரண்டி போடுவது குறுக்குவழி. ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி, ஊற்றிய பிறகும் கொதிக்கவிட வேண்டும். இல்லாவிட்டால் பச்சை மாவு வாசனை உறைந்த பிறகும் போகாது.

ஜவ்வரிசி ஐஸ்

சேலத்துக்காரி, இதைச் சொல்லாமல் விட முடியுமா? நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிகிற ஜவ்வரிசியை இறக்கிவிடாதீர்கள். கண்ணாடியாக வெந்தது ஃப்ரீஸரில் பாசிமணி மாதிரி மெத்தென்று இருக்கும், பொட்டு வைத்தது மணல். வெந்ததைத் தண்ணீரில் அலசி, சர்க்கரைப் பாகில் அரை மணி நேரம் ஊறவிட்டுச் சேர்த்தால் இன்னும் நல்லது. நன்றாக வெந்ததே ஒரு வாரம் போனால் விறைக்கத் தொடங்கும், அதற்குள் விற்றுவிடுங்கள்.

பச்சை அன்னாசியைப் பாலில் போடுவது

கசந்துவிடும். பழத்தைச் சர்க்கரையோடு நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேருங்கள்.

விளிம்பு வரை ஊற்றுவது

தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பருக்கும். விரல் நகம் அளவு இடம் விடுங்கள்.

உறைந்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கை

சாகாது, தூங்கும். கொதித்து ஆறிய தண்ணீர்தான்.

உருகியதைத் திரும்ப உறைய வைப்பது

மின்சாரம் போய் மூன்று மணி நேரம், எல்லாம் கூழாகிவிட்டது, மறுபடி ஃப்ரீஸரிலேயே கெட்டியாகட்டும் என்று விடுவார்கள். கெட்டியாகும். முதல் தடவை இருந்த படிகத்தின் மேலேயே புதுப் படிகம் வளர்ந்து, பாகெல்லாம் அடிக்கு இறங்கியிருக்கும். பழ ஐஸ் என்றால், வெளியே வெயிலில் கிடக்காமல் குளிர்ச்சியோடு இருந்தது என்றால், உருக்கி மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டி மறுபடி அச்சில் ஊற்றலாம். பால் ஐஸ் என்றால் கொட்டிவிடுங்கள், மனசு கேட்காதுதான்.

குச்சியை முதலிலேயே செருகுவது

சாய்ந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து, ஓரம் உறைந்து நடு கொழகொழப்பாக இருக்கும்போது செருகுங்கள்.

கழற்ற வெந்நீர்

குழாய்த் தண்ணீரில் பத்து எண்ணுகிற வரை அச்சைப் பிடித்தால் போதும். சேலத்து மே மாதக் குழாய்த் தண்ணீர் என்றால் ஐந்து.