விவாகரத்து வழக்கின் நகல் வாங்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு குடும்பநல நீதிமன்றத்தின் நகல் பிரிவில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தமது கைப்பேசித் திரையை ஜன்னல் வழியாக எழுத்தரிடம் நீட்டி, “தீர்ப்பு இதிலேயே இருக்கிறது, அச்செடுத்து ஒரு முத்திரை மட்டும் குத்திக் கொடுங்கள்” என்று மன்றாடிக் கொண்டிருந்தார். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த வழக்குக் கட்டின் கயிற்றை அவிழ்த்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கறிஞர் குமாஸ்தாவாக இருந்துவிட்ட எனக்கு, அந்த இளைஞரைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. அவர் நின்ற இடத்தில் அதைவிட மோசமான கேள்விகளோடு நானும் ஒரு காலத்தில் நின்றிருக்கிறேன்.

ஆதார் அட்டையை மறந்துவிட்டுப் போவது, கையெழுத்தை இடம் மாற்றிப் போடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரே சொல்லித் திருத்திவிடுவார். அவர் சொல்லாமல் விடுகிறவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

வழக்கு நடந்த ஊரை ஊகிப்பது

கல்யாணம் கும்பகோணத்தில் நடந்ததால் விவாகரத்தும் அங்கேதான் நடந்திருக்கும் என்று எண்ணி, அக்காவின் வழக்கைத் தேடி மூன்று நாள் அலைந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். வழக்கு திருப்பூரில் முடிந்திருந்தது. இந்துத் திருமணச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகிய எதில் வேண்டுமானாலும் மனுவைத் தாக்கல் செய்யலாம். 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மனைவி மனுதாரராக இருந்தால் அவர் வசிக்கும் ஊரிலும் தாக்கல் செய்யலாம். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, மனுப் போட்டவர் யார், அன்று அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதே.

பழைய வழக்கு என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. குடும்பநல நீதிமன்றம் இல்லாத காலத்தில் சார்பு நீதிமன்றத்தில் ஹெச்.எம்.ஓ.பி. (இந்துத் திருமண மூல மனு) என்று எண் பெற்ற வழக்கு, குடும்பநல நீதிமன்றம் திறந்ததும் அங்கே மாற்றப்பட்டுப் புதிய எண் வாங்கியிருக்கக்கூடும். பழைய எண்ணைச் சொன்னால் புதிய நீதிமன்றத்தில் உதட்டைப் பிதுக்குவார்கள். புதிய எண்ணைச் சொன்னால் பழைய நீதிமன்றத்தில் அப்படி ஒன்று இல்லை என்பார்கள். இரண்டு எண்களையும் நகல் கேட்கும் மனுவிலேயே எழுதிவிட வேண்டும். 2019-இல் பிரிந்த தென்காசி, கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள், தங்கள் பழைய கட்டு தாய் மாவட்டத்துப் பதிவறையில் இருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

இணையத்தில் பெயர் இல்லாததால் வழக்கே இல்லை என்று முடிவுகட்டுவது

நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் கட்சிக்காரர் பெயரை வைத்துத் தேடும்போது, நிலுவை வழக்குகளா, முடிந்த வழக்குகளா என்று கேட்கும் இடத்தை மாற்றாமலே தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். அடுத்த இடறல் எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. தமிழ்ச்செல்வி என்ற ஒரே பெயரில், ழகரத்துக்கு ஆங்கிலத்தில் ‘இசட் ஹெச்’ போடும் எழுத்தரும் உண்டு, ‘எல்’ போடும் எழுத்தரும் உண்டு. முழுப் பெயரை அடிக்காமல் தொடக்கத்து மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் கொடுத்து, ஆண்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும். மாறாத ஒன்று, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்; தமிழ்நாட்டு வழக்குகளுக்கு அது ‘டி.என்.’ என்று தொடங்கும். கணினிக்கு ஏறாத பழைய வழக்குகளுக்கு, நீதிமன்றத்தில் உள்ள வழக்குப் பதிவேட்டைத் தவிர வேறு வழியில்லை.

இணையப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுப்பது

அது தகவல் மட்டுமே. முத்திரையும் அலுவலர் கையொப்பமும் உள்ள சான்றிட்ட நகலின் இடத்தில் செல்லாது.

மனுப் போட்டாயிற்று என்று வீட்டுக்குப் போய்விடுவது

என்னை இன்றுவரை உறுத்துகிற தவறு இதுதான். அதைச் செய்தவனும் நானே என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நகல் மனுவைப் பெற்றுக்கொண்டதும் நகல் பிரிவினர் கட்டைப் பதிவறையிலிருந்து வரவழைத்து, பக்கங்களை எண்ணி, நகல் கட்டணமாக எத்தனை நகல் முத்திரைத் தாள் தேவை என்று கணக்கிட்டு, அந்த மனு எண்களை ஒரு பட்டியலாக எழுதி அறிவிப்புப் பலகையில் வைப்பார்கள். அந்தப் பட்டியல் மூன்று வேலை நாட்கள் பலகையில் இருக்கும். அதற்குள் தாளைச் செலுத்தாவிட்டால் மனு கோப்பிலிருந்து நீக்கப்படும். யாரும் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல மாட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், 1998-இல், எங்கள் கட்சிக்காரரான ஒரு பெண்மணியின் விவாகரத்து மனு சார்பு நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. மேல்முறையீட்டுக்கு அப்போது 30 நாள் அவகாசம். தீர்ப்பு வந்த ஒன்பதாம் நாளே நகல் மனுவைத் தாக்கல் செய்து, எண்ணை வாங்கி நாட்குறிப்பில் எழுதிவிட்டு, கடமை முடிந்தது என்று மற்ற வேலைகளில் மூழ்கிவிட்டேன். நடுவில் இரண்டு முறை பலகையைப் பார்த்ததாகவே எனக்கு நினைவு. ஆனால் கம்பி வலைக்குப் பின்னால் ஏல அறிவிப்பும் வாய்தா மாற்றமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குண்டூசியில் குத்தப்பட்டிருந்த அந்தப் பலகையில், நகல் பட்டியல் மூன்றாவது தாளாக அடியில் தொங்கியது. அது கார்பன் பிரதி. எங்கள் எண்ணின் கடைசி இலக்கமான 4, பார்ப்பதற்கு 9 போலவே இருந்தது. நான் மேலே இருந்த தாளைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

முப்பத்து மூன்றாம் நாள் ஜன்னலில் போய் விசாரித்தபோது, மனு நீக்கப்பட்டு ஒரு வாரமாகிறது என்றார்கள். மறுநாளே புதிய மனுப் போட்டேன். ஆனால் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட நாட்களை மேல்முறையீட்டு அவகாசத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதிப்பது, அவகாசம் முடிவதற்குள் நகலுக்கு மனுப் போட்டவருக்குத்தான். என் முதல் மனு செத்துவிட்டது; இரண்டாவது மனுவோ 30 நாள் கடந்த பிறகு பிறந்தது. நகல் கைக்கு வந்தபோது தாமதம் மூன்று வாரத்தைத் தாண்டியிருந்தது. அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுத் தனியாக ஒரு மனு, அதற்கு எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு, அவர் அறிவிப்பை வாங்காமல் போக்குக் காட்டியது, பிறகு எதிருரை என்று பதினொரு மாதம் ஓடிய பின்னரே மேல்முறையீட்டுக்கு எண் விழுந்தது. “அன்னைக்கே மனு போட்டாச்சுன்னு சொன்னீங்களே, சார்” என்று அந்த அம்மா கேட்டது ஒரே ஒரு முறைதான். கோபப்பட்டிருந்தால்கூட நான் மறந்திருப்பேன்.

கட்டணம் செலுத்தும் முறை இன்று இடத்துக்கு இடம் மாறியிருக்கலாம். தேதிக் கணக்கு மட்டும் மாறவில்லை. சான்றிட்ட நகல் கைக்கு வந்தவுடன் தீர்ப்பைப் படிப்பதற்கு முன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மனுத் தாக்கல் செய்த நாள், முத்திரைத் தாள் கேட்கப்பட்ட நாள், அது செலுத்தப்பட்ட நாள், நகல் தயாரான நாள், வழங்கப்பட்ட நாள் என்று முத்திரைக்குள் வரிசையாக நிரப்பியிருப்பார்கள். கேட்ட நாளுக்கும் செலுத்திய நாளுக்கும் இடையில் நீங்கள் விட்ட இடைவெளியும், தயாரான நகலை வாங்க வராமல் கடத்திய நாட்களும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

மேல்முறையீடு செய்யும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மறுமணத்துக்கு நாள் குறிக்கிறவர்கள், எதிர்த்தரப்பு நகல் மனுப் போட்டிருக்கிறதா என்று பார்க்காமலே அவகாசம் முடிந்துவிட்டதாகக் கணக்குப் போடுகிறார்கள். எதிர்த்தரப்பு போட்டிருந்தால் அந்த நாட்களும் சேர்ந்து அவகாசம் நீளும். குடும்பநல நீதிமன்றங்கள் சட்டத்தின் 19-ஆவது பிரிவு 30 நாள் என்கிறது; இந்துத் திருமணச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 90 நாள் என்கிறது. மேல்முறையீடு செய்கிறவர் 30 நாளையும், மறுமணத்துக்குக் காத்திருப்பவர் 90 நாளையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் கட்சிக்காரர்களுக்குச் சொல்லி வந்தது. குடும்பநல நீதிமன்றத்தில் இருவரும் சம்மதித்துப் பெற்ற தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு இல்லை என்பதால், அவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

தீர்ப்பை வாங்கிவிட்டுத் தீர்ப்பாணையை விட்டுவிடுவது

நீதிபதி காரணங்களை விளக்கி எழுதுவது தீர்ப்பு. திருமணம் இன்ன தேதியோடு கலைக்கப்பட்டது என்பதை அதன் அடிப்படையில் சுருக்கமாக வரைவது தீர்ப்பாணை. வெளிநாட்டுத் தூதரகம் முதல் திருமணப் பதிவு அலுவலகம் வரை முதலில் கேட்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். மனுவில் ‘தீர்ப்பு நகல்’ என்று எழுதினால் தீர்ப்பு மட்டுமே வரும், கேட்டதைத்தான் கொடுப்பார்கள். சம்மத விவாகரத்தில் இருவரும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தக் குறிப்பு தீர்ப்பாணையின் பகுதியாகச் சேர்க்கப்பட்டிருந்தால், அதையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஜீவனாம்சத் தொகை, வீட்டுப் பங்கு, குழந்தையைப் பார்க்கும் நாட்கள் எல்லாம் அந்தக் குறிப்பில்தான் இருக்கும். விவாகரத்து வழங்கப்பட்டால் இரு தரப்புக்கும் தீர்ப்பாணையின் நகல் ஒன்றை இலவசமாக வழங்க வேண்டும் என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின் 4-ஆம் உட்பிரிவு சொல்கிறது. கேட்டு வாங்கியவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அடுத்தவர் வழக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது

வரன் பார்க்கும் வீட்டார் அடிக்கடி செய்வது இது. மாப்பிள்ளையின் முதல் திருமணம் உண்மையாகவே முடிந்துவிட்டதா என்று அறிய விரும்புவதில் தவறில்லை, வழிதான் தவறு. வழக்கில் தரப்பினராக இல்லாதவர், தமக்கு ஏன் நகல் தேவை என்பதை விளக்கிப் பிரமாணப் பத்திரத்துடன் அந்த நீதிமன்றத்திலேயே மனுச் செய்து உத்தரவு பெற வேண்டும். நீதிமன்ற விதிகளில் இப்படி ஒரு வழி இருக்கும்போது தகவல் உரிமைச் சட்டத்தை நாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில், குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில், தீர்த்துச் சொல்லிவிட்டது. மேலும், இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும் என்றும், அதை அச்சிட்டு வெளியிடக் கூடாது என்றும் 22-ஆவது பிரிவு கூறுகிறது; அதனால் நகல் தர நீதிமன்றம் தயங்குவதிலும் நியாயம் உண்டு. மாப்பிள்ளையிடமே சான்றிட்ட நகலைக் கேட்பதுதான் சுருக்கு வழி. தரத் தயங்குகிறவரைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இருபது ரூபாய்ப் பத்திரத்துக்கு வழக்கு எண் தேடுவது

கணவனும் மனைவியும் பிரிவதாக ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதி, நோட்டரி கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் கட்டு இருக்காது.

2001-க்கு முந்தைய கிறிஸ்தவ வழக்குகள்

1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின்படி, மாவட்ட நீதிமன்றம் அளித்த தீர்ப்பாணையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் அது முழுமை பெறும் என்ற நிலை 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை இருந்தது. அதற்கு முந்தைய வழக்கு என்றால் உயர் நீதிமன்ற உறுதியாணையின் நகலையும் சேர்த்து வாங்குங்கள்.

ஒரே ஒரு நகல் வாங்குவது

குறைந்தது மூன்று வாங்குங்கள்.

கட்டுக்குள் கிடக்கும் அசல்களை மறப்பது

மனுதாரர் தரப்பின் முதல் சான்றாவணம் பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை. இரண்டாவது, மாலையும் கழுத்துமாக எடுத்த புகைப்படம். அவற்றை யாரும் திரும்பக் கேட்பதில்லை. எனக்கும் அது புரிகிறது. ஆனால் அவற்றுக்கு அடுத்து, அதே கயிற்றுக்குள், திருமணப் பதிவுச் சான்றின் அசலோ குழந்தையின் பிறப்புச் சான்றோ இருக்கக்கூடும். மேல்முறையீட்டு அவகாசம் முடிந்த பிறகு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆவது கட்டளை, 9-ஆவது விதியின்படி, ஆவணங்களைத் திரும்பப் பெற மனுச் செய்யலாம். பதிவறைக் கட்டுகள் காலம் கடந்தால் அழிக்கப்படும் என்பதால், நகல் மனுவை எழுதும் அன்றே தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் உள்ள சான்றாவணப் பட்டியலையும் பார்த்து, எவை அசல், எவை ஒளிநகல் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.