கவுன்ட்டி ரெக்கார்டுல கொள்ளுத்தாத்தாவ தேடுறப்ப பண்ணக் கூடாத தப்புகள்

பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டிக்கு பூர்வீகம் கென்டக்கி. அவங்க வம்சாவளி தேட நானும் கூட உக்காந்தேன், அதுல பட்டுத் தெரிஞ்சுகிட்டதுதான் இதெல்லாம்.

பெரிய தப்பு, இன்னைக்கு மேப்புல ஊர் எந்த கவுன்ட்டில (நம்மூர் மாவட்டம் மாதிரி) காட்டுதோ அங்கயே போய் பழைய பத்திரத்த தேடுறது. 1775ல இப்ப கென்டக்கில இருக்கிற ஹாரட்ஸ்பர்க்ல குடிசை போட்ட ஒரு ஆள எடுத்துக்கோங்க, அப்ப அது வர்ஜீனியாவோட ஃபின்காஸில் கவுன்ட்டி, 1776 கடைசில கென்டக்கி கவுன்ட்டி ஆச்சு, 1780ல அத மூணா உடைச்சப்ப லிங்கன் கவுன்ட்டி, அப்புறம் மெர்சர் கவுன்ட்டி, 1792லதான் கென்டக்கி தனி மாநிலமே ஆகுது. மனுஷன் இருந்த இடத்த விட்டு நகரவே இல்ல! கவுன்ட்டி பிரிஞ்சாலும் பழைய புக்கு பெரும்பாலும் தாய் கவுன்ட்டிலயேதான் கிடக்கும், அதனால எது எந்த வருஷம் எதுல இருந்து பிரிஞ்சதுன்னு பாத்துட்டு கிளம்புங்க. கனெக்டிகட், வெர்மான்ட் பக்கம்னா நிலப் பத்திரத்துக்கு கவுன்ட்டிக்கே போக வேணாம், டவுன் கிளார்க் ஆபீஸ்தான்.

அடுத்தது, பத்திரங்களோட பேர் பட்டியல் இருக்குற இன்டெக்ஸ்ல எழுதி வாங்கினவர் பக்கத்த மட்டும் பாத்துட்டு மூடிடுறது. எழுதிக் கொடுத்தவர் பக்கத்துலதான் சரக்கே இருக்கு. நிலத்த விக்கிறப்ப பொண்டாட்டி தன் பங்க விட்டுக் குடுக்கணும்கிறதால அவங்க பேரு வரும், அப்பா செத்த பிறகு புள்ளைங்க சேந்து வித்தா அண்ணன் தம்பி, கட்டிக்குடுத்த பொண்ணுங்க, மாப்பிள்ளைங்கன்னு மொத்த குடும்பமும் ஒரே பத்திரத்துல நிக்கும். சாட்சி கையெழுத்தையும் விடாதீங்க, அதுல பாதி சொந்தக்காரங்களா இருப்பாங்க.

வார்த்தைய இன்னைய அர்த்தத்துல படிக்கிறதும் ஆபத்து. கோர்ட் ரெக்கார்டுல ‘இன்ஃபன்ட்’னா கைக்குழந்தை இல்ல, 21 வயசு ஆகாத ஆளு. ‘ஆர்ஃபன்’னு போட்டிருந்தா அம்மா உயிரோட இருக்கலாம், அப்பா செத்தாலே அப்படித்தான் எழுதுவாங்க. சீனியர், ஜூனியர்னு இருந்தா உடனே அப்பா-மகன்னு கோடு போட்டுடாதீங்க, ஒரே ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா வயசுல மூத்தவரு இளையவருன்னு பிரிக்கவும் அதையேதான் போட்டாங்க. மேரேஜ் பாண்டும் அப்படித்தான், கல்யாணம் பண்ணிக்க எழுதிக் குடுத்த உறுதி அது, கல்யாணம் நடந்துச்சுங்கிறதுக்கு ஆதாரம் இல்ல.

பாட்டி ஒருநாள் பத்திர நகல காட்டி, இது எங்க முப்பாட்டன் போட்ட கையெழுத்துன்னு தடவித் தடவிப் பாத்தாங்க. அடுத்த பக்கத்துல வேற யாரோ நிலம் வித்த பத்திரம், அதுலயும் அதே வளைவு, அதே சுழி. ரெண்டையும் புக்குல காப்பி எடுத்து எழுதினவரு கவுன்ட்டி ஆபீஸ் கிளார்க்.