வெயில் கண்ணாடி மாட்டிய கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காலையில் கடலோரமாக வண்டி ஓட்டினால் தண்ணீரில் பட்டு வரும் வெயில் கண்ணைக் கூசவைக்கும், அதற்காகத்தான் வெயிலில் கறுத்து, பட்டுத் தெறிக்கும் பளபளப்பையும் அடக்கும் போலரைஸ்டு லென்ஸ் வாங்கி, அப்பாவின் பழைய அசிட்டேட் (ஒருவகைப் பிளாஸ்டிக்) ஃபிரேமில் நானே மாட்டப் பார்த்தேன். லென்ஸைப் பாதி செருகியபடியே ஹேர் டிரையரைக் காட்டி அழுத்தினேன். ஓரத்தில் படலம் பிரிந்து வெள்ளையாகிவிட்டது. போச்சு.

லென்ஸுக்குள் இருக்கும் அந்த மெல்லிய படலத்துக்குச் சூடும் ஆகாது, இறுக்கமும் ஆகாது. அடுத்த ஜோடிக்கு ஃபிரேமை மட்டும் லேசாக வளையும்வரை சூடாக்கினேன், அப்புறம் முன்பக்கமிருந்து காதுப் பக்க ஓரத்தைப் பள்ளத்தில் வைத்து, மூக்குப் பக்கத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளினேன். வலது லென்ஸ் அடங்கவில்லை. இந்த முறை அழுத்தாமல் கடையில் கொடுத்து ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்து வாங்கினேன்.

வட்ட ஃபிரேம் என்றால் லென்ஸ் சுழன்றுவிடலாம், படலத்தின் கோணம் மாறினால் கூச்சம் சரியாகக் குறையாது. ஈரமான தார்ச்சாலையை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பார்த்தேன். இரண்டிலும் பளபளப்பு ஒரே மாதிரி அடங்கியது, சரி.

காருக்குள் அவ்வளவாகக் கறுக்கவில்லை. லென்ஸைக் கறுக்கவைக்கும் புற ஊதாக் கதிரைக் காரின் முன்கண்ணாடி தடுத்துவிடுகிறது, மாட்டியதில் குறையில்லை.