ஆச்சி ஏசினாளா, மெச்சினாளா? நாளிதழ்க் காமிக்ஸுக்கு வண்ணம் போடுவது எப்படி

மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி பேரனிடம், “ஏலே, கடைக்குப் போயி பச்சைப் பாக்கெட்டு ரெண்டு வாங்கிட்டு ஓடியா” என்கிறாள். இரண்டாவதில் வசனம் கிடையாது. பையன் கைக்கு ஒன்றாகப் பால் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். மூன்றாவதில் ஆச்சியின் இரண்டு கைகளும் தலைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. “அப்படியே ஒங்க தாத்தாதாம்லே நீ!” பின்னால் தாத்தா பேப்பருக்குள் முகத்தைப் புதைத்திருக்கிறார்.

இதை வரைந்தவர் பாளையங்கோட்டைக்காரர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடும் ஓவியர். ஒரு பத்திரிகையின் வார இணைப்புக்காகக் கருப்பு மையில் வரைந்து கொடுப்பார். வண்ணம் போடுவது என் வேலை. வசனத்தில் பச்சை என்று இருந்ததா, நானும் சமர்த்தாகப் பாக்கெட்டுக்குப் பச்சை அடித்து அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போன். “என்னல பண்ணி வச்சிருக்க? எங்காச்சி அந்தப் பயல ஏசுதா. நீ அவளத் திருஷ்டி கழிக்க வச்சிட்டியே!”

எடுத்துப் பார்த்தால் உண்மைதான். பையன் சொன்னபடி பச்சைப் பாக்கெட் வாங்கி வந்திருக்கிறான். ஆச்சி இரண்டு கைகளையும் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்து, உன் தாத்தா மாதிரி கெட்டிக்காரன் என்று மெச்சுகிறாள். பேப்பருக்குப் பின்னால் இருக்கும் தாத்தா வெட்கப்படுகிறார் போலும். ஆனால் அண்ணாச்சி வரைந்தது வேறு. பையன் வாங்கி வந்தது நீலப் பாக்கெட். ஆச்சி தலையில் அடித்துக்கொள்கிறாள். தாத்தாவும் இப்படித்தான் காலமெல்லாம் மாற்றி வாங்கி வந்தவர், அதனால்தான் முகத்தை மறைக்கிறார். கோடு ஒன்றுகூட மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை. இரண்டு பாக்கெட்டின் நிறம் மாறியதும் ஏச்சு வாழ்த்தாகிவிட்டது.

புதிதாக வண்ணம் போடக் கற்றுக்கொள்பவர்களுக்கு இந்த மூன்று கட்டத்தை வைத்தே சொல்லித் தருகிறேன். கணினியில் கிரிட்டா இருந்தால் போதும். இலவச மென்பொருள், அச்சுக்கு வேண்டிய நான்கு நிற முறையும் அதில் உண்டு.

படி 1: கணினியைத் திறக்காமல் படியுங்கள்

படத்தைத் தாளில் அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். முதல் தடவை வசனத்தோடு படியுங்கள். இரண்டாம் தடவை வசனத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். மூன்றாம் தடவை ஒவ்வொரு பொருளையும் தொட்டு, ‘இதன் நிறம் மாறினால் கதை மாறுமா?’ என்று கேளுங்கள். மாறும் என்றால் ஒரு வட்டம். திண்ணைத் தூணுக்கு வட்டம் வேண்டாம். பாக்கெட்டுக்கு வேண்டும்.

நான் சறுக்கியது இங்கேதான். வசனத்தைப் படிக்காமல் சறுக்கவில்லை, அதை மட்டும் படித்ததால் சறுக்கினேன். ஆச்சி கேட்டது பச்சை என்றுதான் வசனம் சொல்கிறது, பையன் கொண்டுவந்தது பச்சை என்று யாரும் சொல்லவில்லை. நகைச்சுவை பெரும்பாலும் சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியில்தான் இருக்கும். அந்த இடைவெளியை நிறத்தால் அடைத்துவிட்டால் சிரிப்பு போச்சு.

ஊர் விஷயம் தெரிந்தால்தான் வட்டம் போட முடியும். ஆவின் பாலில் நீலம் என்றால் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை என்றால் 4.5, ஆரஞ்சு என்றால் 6. காப்பி திக்காக வேண்டும் என்ற ஆச்சியின் கோபத்துக்கு அர்த்தம் அதில் இருக்கிறது. பால் பாக்கெட்டுக்கே இப்படி என்றால் திருச்செந்தூர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். ஆவணியிலும் மாசியிலும் ஏழாம் நாள் மாலை சண்முகர் சிவப்பு சாத்தி, அதாவது முழுக்கச் சிவப்பு அலங்காரத்தில், வருவார். எட்டாம் நாள் காலை வெள்ளை சாத்தி, மதியம் பச்சை சாத்தி. சிவன், பிரம்மா, திருமால் என்று மூன்று கோலங்கள். சப்பரத்துக்கு முன்னால் இரண்டு பேர் நின்று பேசும் காமிக்ஸில், “மதிய வெயிலு மண்டையப் பொளக்கே” என்று வசனம் இருந்து நீங்கள் சிவப்பு சாத்திவிட்டால், பழைய நெல்லைச் சீமையில் எந்த ஊர் வாசகரும் உங்களை விடமாட்டார்.

சந்தேகமான வட்டம் எதுவானாலும் ஓவியருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். “அண்ணாச்சி, பாக்கெட்டு என்ன கலர்?” ஐந்து விநாடி வேலை. அன்றைக்கு நான் கேட்கவில்லை.

படி 2: கோட்டைப் பிரித்து எடுங்கள்

600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, தாளின் அழுக்கைப் போக்கி, கோடுகளை மேல் லேயரில் வையுங்கள். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. அந்த லேயரின் முறையை மல்டிப்ளை என்று மாற்றுங்கள், கோட்டைச் சுற்றியுள்ள வெள்ளை மறைந்து அடியில் உள்ள நிறம் தெரியும். கீழே புது லேயர். வண்ணம் முழுக்க அங்கேதான். கோட்டு லேயரைப் பூட்டிவிடுங்கள், தெரியாமல்கூடக் கை படக் கூடாது. இதற்கு மேல் இந்தப் படியில் ஒன்றும் இல்லை.

படி 3: ஆளுக்கு ஒரு நிற அட்டை

ஆச்சி, பையன், தாத்தா மூவருக்கும் சேலை, சட்டை, தோல், முடி எல்லாவற்றின் நிறத்தையும் ஒரு தனிக் கோப்பில் சின்னச் சின்னச் சதுரங்களாக அடித்து, நிற எண்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரமும் அதே எண்தான். தினத்தந்தியில் கன்னித்தீவு 1960-இல் தொடங்கியது. நாளுக்கு ஒரு துண்டாக வரும் கதையில் வாசகர் ஆளை அடையாளம் காண்பது உடையையும் முடியையும் வைத்துத்தான். பல்லாண்டு கருப்பு வெள்ளையில் வந்ததால் அதில் சட்டை நிறம் என்ற வம்பு இல்லை. உங்களுக்கு உண்டு. அண்ணன் தம்பி இருவர் பேசிக்கொள்ளும் காமிக்ஸில் நடுக்கட்டத்தில் சட்டை நிறங்கள் இடம் மாறினால், கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவன் ஆகிவிடுவான்.

நிறம் தவறி நிலைத்துவிட்ட கதையும் உண்டு. அமெரிக்காவில் 1962-இல் ஹல்க் முதல் இதழில் சாம்பல் நிறத்தில்தான் வந்தான். அச்சில் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் வேறு மாதிரி விழவே, இரண்டாம் இதழில் பச்சை ஆக்கிவிட்டார்கள். அதற்கும் முன்பு 1890-களில், நியூயார்க் பத்திரிகைகளில் ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த சேரிப் பையனின் நீள அங்கிக்கு மஞ்சள் அடித்தார்கள். அவனுக்காக இரண்டு பத்திரிகை முதலாளிகள் அடித்துக்கொண்டதிலிருந்துதான் மஞ்சள் பத்திரிகை என்ற பேச்சு பரவியது. நம்மூரில் அந்தச் சொல்லுக்கு வேறு வாடை ஏறிவிட்டது, அது கிடக்கட்டும்.

ஆச்சியின் அட்டைக்கு வருவோம். சேலைக்கு நிறம் எதுவும் தோன்றவில்லை, அப்படியே வெள்ளையாக விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். விட்டுவைத்த வெள்ளையும் ஒரு நிறம்தான். வெள்ளைச் சேலை கட்டிய ஆச்சியைப் பார்த்ததும் நம் வாசகர் தாத்தா இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். அப்புறம் பின்னால் பேப்பர் படிக்கிற பெரியவர் யார்? “ஒங்க தாத்தாதாம்லே நீ” என்பது போனவரை நினைத்துச் சொன்னதாகிவிடும், கையைத் தலையில் வைத்தது அழுகையாகிவிடும். சுங்கடிச் சேலையின் அரக்கு நிறத்தை அடித்து, நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். தாத்தா உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அதுதான் சாட்சி.

தோல் நிறம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் ‘தோல்’ என்று கிடைக்கும் ஆயத்த நிறச் சதுரங்கள் பெரும்பாலும் ரோஜா பூத்த வெள்ளை. தாமிரபரணிக் கரையில் வயலில் நிற்கிற ஆளுக்கு அதை அடித்தால் வெளியூரிலிருந்து வந்த அதிகாரி போல இருப்பார். அதைவிட மோசம், எல்லாருக்கும் வெளுப்பு அடித்துவிட்டுத் திருடனுக்கு மட்டும் கருப்பு அடிப்பது. ஓவியர் கோட்டில் அப்படி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். சொன்னது நீங்கள்.

படி 4: நிரப்புங்கள், கசிவைப் பாருங்கள்

வாளிக் கருவியால் ஒவ்வொரு பகுதியாகத் தட்டையான நிறம் நிரப்புங்கள். நிழல், பளபளப்பு எல்லாம் இப்போது வேண்டாம். கோட்டில் மயிரிழை இடைவெளி இருந்தால்கூட நிறம் அந்தப் பக்கம் கசிந்துவிடும். வானத்து நீலம் தாத்தாவின் முடிக்குள் இறங்கினால் சிரித்துவிட்டுப் போகலாம். வெற்றிலை போட்ட வாயின் சிவப்பு, சட்டைக்கு இறங்கினால் அப்படி விட முடியாது. அடுத்த கட்டத்தில் யாராவது கையை ஓங்கியிருந்தால் அது வெற்றிலைச் சாறு இல்லை, ரத்தம். நிரப்பி முடித்ததும் கோட்டு லேயரின் பக்கத்தில் இருக்கும் கண் குறியை அழுத்தி அதை மறைத்துவிட்டு வெறும் நிறத் திட்டுகளை மட்டும் பாருங்கள். கசிவு தானாகத் தெரியும்.

பேச்சுக் குமிழிகளை வெள்ளையாகவே விடுங்கள். அழகுக்காக ஒன்றுக்கு இளஞ்சிவப்பும் இன்னொன்றுக்கு இளநீலமும் அடித்தால், யார் பேசுவது டிவிக்குள்ளிருந்தா, போனிலிருந்தா என்று வாசகர் குழம்புவார். கரண்டு போன கட்டம் இருந்தால் அதற்கு முந்தைய கட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே வெளிச்சம் அடித்துவிட்டு, “எவம்லே வெளக்க அமத்துனது?” என்று கேட்கவைப்பது பாவம்.

படி 5: திரை சொல்வதை நம்பாதீர்கள்

அச்சில் இருப்பது நான்கு மை: சயான் (பச்சை கலந்த வெளிர்நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கருப்பு. பச்சை என்று தனி மை கிடையாது. சயான் மேல் மஞ்சள் விழுந்தால் பச்சை, மெஜந்தா மேல் மஞ்சள் விழுந்தால் சிவப்பு, சயானும் மெஜந்தாவும் சேர்ந்தால் நீலம். ஆகவே மெஷினில் மஞ்சள் மை கொஞ்சம் இளைத்தால் உங்கள் பச்சை நீலத்தை நோக்கி நகரும். மெஜந்தா இளைத்தால் சிவப்பு ஆரஞ்சாகும். பச்சையா நீலமா என்பதில்தான் சிரிப்பே இருக்கிறது என்றால் இரண்டையும் தூரத் தூர வையுங்கள். நீலப் பாக்கெட்டுக்கு நான் இப்போது போடுவது சயான் 90 சதவீதம், மெஜந்தா 50, மஞ்சள் சுழி. ஒரு துளி மஞ்சள்கூட வேண்டாம். பச்சை வேண்டிய இடத்தில் சயான் 75, மஞ்சள் 100.

செய்தித்தாள் காகிதம் வெள்ளை இல்லை, லேசான பழுப்புச் சாம்பல். மையை உறிஞ்சும், புள்ளி பரவும், நடுத்தர நிறங்கள் எல்லாம் ஒரு படி கறுத்துவிடும். திரையில் சரியாகத் தெரியும் நிறத்தை விடச் சற்று வெளுப்பாக வையுங்கள். நான்கு மையின் கூட்டுத்தொகை 240 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான செய்தித்தாள் அச்சகங்கள் முகம் சுளிக்காது. எழுத்தும் கோடும் கருப்பு மை ஒன்றில் மட்டும் இருக்கட்டும். நான்கு மையும் கலந்த கருப்பில் எழுத்தை அடித்தால், பிளேட் (மைக்கு ஒன்றாக இருக்கும் அச்சுத் தகடு) இம்மி நகர்ந்தாலும் எழுத்துக்குப் பேய் நிழல் விழும்.

பிளேட் நகர்வதை அச்சகத்தில் ரெஜிஸ்டர் விலகல் என்பார்கள். வேகமாக ஓடும் மெஷினில் அது சகஜம். அதனால் அர்த்தம் மாறுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கரைவேட்டி உதாரணம். தேர்தல் நேரத்துக் காமிக்ஸ், ஒரு அண்ணாச்சி கருப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டி வருகிறார். கருப்பும் சிவப்பும் ஒட்டி நிற்க வேண்டும். பிளேட் மயிரளவு விலகினால் இரண்டுக்கும் நடுவில் காகிதத்தின் வெள்ளை எட்டிப் பார்க்கும். கருப்பு, வெள்ளை, சிவப்பு! மெஷினே அண்ணாச்சியைக் கட்சி மாற்றிவிட்டது. நம்மூரில் இதற்கு மறுநாளே அலுவலக வாசலில் ஆள் வந்து நிற்கும்.

இதற்கு மருந்து எளிது. சிவப்பைக் கருப்பின் விளிம்போடு நிறுத்தாமல், 600 டிபிஐ கோப்பில் ஆறு பிக்சல் கருப்புக்கு அடியில் நுழைத்துவிடுங்கள். கால் மில்லிமீட்டர். பிளேட் நகர்ந்தாலும் அடியில் சிவப்பு இருக்கும், வெள்ளை தெரியாது. உண்மையிலேயே வெள்ளைக் கோடு வேண்டிய வேட்டி என்றால் அதை நிஜத்தைவிடத் தடிமனாக வரையச் சொல்லுங்கள். மெல்லிசாக இருந்தால் மை பரவி மூடிவிடும், அவரும் கட்சி மாறிவிடுவார்.

படி 6: கதை தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள்

முடித்ததைச் செய்தித்தாளில் வரும் அளவுக்கே சின்னதாக அச்செடுங்கள். பளபளக்கிற தாள் வேண்டாம், மட்டமான தாள் போதும். ஒரு பிரதி வண்ணத்தில், ஒரு பிரதி கருப்பு வெள்ளையில். கருப்பு வெள்ளைப் பிரதியில் பாக்கெட்டும் பையனின் சட்டையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பாக்கெட் கண்ணில் படாது. சட்டையை வெளுக்க வையுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண் உள்ள வாசகருக்கும் இந்தச் சோதனை உதவும்.

வண்ணப் பிரதியை வீட்டு ஆட்களிடம் காட்டாதீர்கள். அவர்கள் உங்களுக்காகச் சிரிப்பார்கள். நான் தெருமுனை டீக்கடைக்குக் கொண்டுபோவேன். எதையும் விளக்காமல் மேஜையில் வைத்துவிட்டு டீ சொல்வது வழக்கம். “நல்லாருக்குல்லா” என்று சொன்னால் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது, கணினியில் படத்தைத் திரும்பத் திறக்க வேண்டியதுதான். நீலம் அடித்த திருத்திய பிரதியைக் கொண்டுபோன அன்று டீ மாஸ்டர் வடிகட்டியைக் கையில் வைத்தபடியே குனிந்து பார்த்தார். “வெளங்கிரும். நீலத்தல்லா வாங்கிட்டு வந்து நிக்கான்” என்றார். அப்புறம் தாத்தாவைப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்பு. நான் டீயைக் குடித்துவிட்டு வந்து படத்தை அனுப்பினேன்.