கடற்பாலத்தில் ஓர் இரவு: தூண்டில் மீன்பிடிப்பைத் தொடங்குவோருக்கான செய்முறை

படகு இல்லாமல் ஆழமான கடல்நீரை எட்டுவதற்கு, கடலுக்குள் நீண்டு நிற்கும் பாலத்தைவிட எளிய வழி இல்லை. பகலில் ஆழத்திலும் பாறை இடுக்குகளிலும் பதுங்கிக் கிடக்கும் மீன்கள் பல, வெளிச்சம் மங்கியதும் இரை தேடிக் கரையோரம் வருவதால், அந்தப் பாலத்தில் இரவில் தூண்டில் போடுவோருக்குப் பலன் கூடுகிறது. ஆனால் இருட்டில் நம் கண் பாதிதான் உதவும். மீதி வேலையைக் கைதான் செய்யவேண்டும். எனவே இருட்டியபின் செய்யவேண்டிய வேலையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துவிடவேண்டும் என்பதே இந்தச் செய்முறை முழுவதற்கும் அடிப்படை.

1. நாளும் நேரமும்

நாள்காட்டியைவிட, கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைத்தான் முதலில் பார்க்கவேண்டும். நாளுக்கு இருமுறை கடல் ஏறி வற்றும் கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் இன்று இரவு 8 மணிக்கு உச்சத்தைத் தொடும் ஏற்றம் நாளை இரவு சுமார் 8.50-க்கு வரும். நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் மீன் மேயும். ஏற்றம் உச்சமடைவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும், திரும்பி வற்றத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரமும் எனக்கு அதிகம் கைகொடுத்தவை. நீர் அசையாமல் நிற்கும் இடைப்பொழுதில் தேநீர் அருந்தலாம்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டிய நாள்களில் ஏற்ற வற்றத்தின் அளவு மிகுந்து நீரோட்டம் வலுக்கும். அந்த ஓட்டத்தில், தூண்டிலை அமிழ்த்தும் ஈயக்குண்டு கடலடித் தரையில் நிற்காமல் உருண்டு, தூண்டில் நரம்பு பக்கத்துத் தூணில் சிக்கும். முதன்முறை செல்பவர் அரைநிலவை ஒட்டிய மிதமான ஓட்டமுள்ள நாள்களைத் தேர்ந்துகொள்வது நல்லது. இடி மின்னலுக்கு வாய்ப்பிருந்தால் பயணத்தையே தள்ளிவைக்கவேண்டும். கார்பன் இழையால் செய்த தூண்டில்கோல் மின்சாரத்தைக் கடத்தும், அதை உயர்த்திப் பிடித்தபடி திறந்த வெளியில் நிற்பவருக்குத் தப்பிக்க வழியில்லை.

2. பகலில் இடத்தைப் படித்தல்

பெரும்பாலானோர் தவிர்த்துவிடும் படி இதுதான். நான் மிகவும் மதிப்பதும் இதையே. சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சென்று, அந்தப் பாலத்தில் இரவில் மீன்பிடிக்க அனுமதி உண்டா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு தூண்டிலைத் தொடாமல் பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கீழே பார்த்தபடி நடந்து செல்லுங்கள்.

பாலத்தின் தூண்களில் கொட்டலசு என்னும் ஓடுடைய சிற்றுயிரும் ஆளிச்சிப்பியும் அப்பியிருக்கும். அவற்றின் இடுக்குகளில் நண்டும் சிறு இறாலும் புழுவும் வாழும். அவற்றைத் தின்ன மீன் வரும். ஓடும் நீர் தூணில் மோதிப் பிரிகையில் அதன் பின்புறத்தில் ஓட்டம் தணிந்த ஒரு மூலை உண்டாகிறது. மீன் அந்த மூலையில் அதிகம் நீந்தாமல் நின்றபடி, ஓட்டம் கொண்டுவரும் இரைக்காகக் காத்திருக்கும். ஆகவே முழு வலுவையும் காட்டித் தொலைவில் எறிவது தொடக்கக்காரருக்குத் தேவையே இல்லை. தூணை ஒட்டி, உங்கள் காலடியிலேயே தூண்டிலை இறக்கினால் போதும். எறியாததால் நரம்பு சிக்குவதும், பின்னால் நடப்பவர்மேல் முள் படுவதும் சேர்ந்தே ஒழியும்.

நடக்கும்போதே இன்னும் மூன்றைக் கவனித்துவிடுங்கள்: பாலத்தின் விளக்குகள் எங்கே எரியும், நீர்மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது, உயிர்காக்கும் மிதவை வளையமும் ஏணியும் எங்கே உள்ளன. பிடித்த மீனை எந்த இடத்தில் மேலே ஏற்றப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யவேண்டும்.

3. கருவிகள்

ஏறக்குறைய 3 மீட்டர் நீளமுள்ள உறுதியான கோல், கடல்நீரைத் தாங்கும் நடுத்தர ரீல், 0.40 மில்லிமீட்டர் பருமனுள்ள நைலான் நரம்பு, 60 முதல் 120 கிராம்வரையான ஈயங்கள், சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு வாய் திறந்த முட்கள், ஒரு கத்தி, ஒரு மூக்குக் குறடு ஆகியவை போதும். ஒரு கோலுக்குமேல் கொண்டுசெல்ல வேண்டாம். இரைக்கு இறாலும் கணவாய்த் துண்டும் எங்கும் பொருந்தும். கணவாயின் தசை கெட்டியாக இருப்பதால் சிறுமீன்கள் எளிதில் பிய்த்துச் செல்வதில்லை; மத்தித் துண்டு அதன் எண்ணெயாலும் மணத்தாலும் மீனை இழுக்கும், ஆனால் விரைவில் உதிரும். இரவில் கண்ணால் தேடும் மீனைவிட மோப்பத்தால் தேடும் மீன் அதிகம் என்பதால் இரை புதிதாக இருப்பது இன்றியமையாதது.

வழுக்காத காலணி, உயிர்காப்பு அங்கி, தலைவிளக்கு, துணைக்கு ஒருவர் ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்குப் போகாதீர்கள்.

4. முடிச்சும் அமைப்பும்

இதை வீட்டிலேயே, வெளிச்சத்தில் செய்துமுடிக்கவேண்டும். நரம்பின் அடிமுனையில் ஈயம். அதற்கு 30 சென்டிமீட்டர் மேலே, 15 சென்டிமீட்டர் கிளை நரம்பில் ஒரு முள். அதற்கு 40 சென்டிமீட்டர் மேலே அதேபோல் இன்னொரு முள். ஈயம் தரையில் நிற்க, இரை சற்று மேலே மிதக்கும். இப்படி ஐந்து அமைப்புகளைக் கட்டி, தனித்தனி அட்டைகளில் சுற்றிவைத்தால், இருட்டில் ஒன்று அறுந்தாலும் அடுத்ததை மாட்டுவது மட்டுமே வேலையாக இருக்கும்.

முள்ளைக் கட்டும் முறை: நரம்பின் முனையை முள்ளின் காதுக்குள் நுழைத்து, அதே நரம்பின் மீதிப் பகுதியைச் சுற்றி ஐந்தாறு முறை முறுக்குங்கள். பின்னர் முனையைக் காதை ஒட்டிய சிறு கண்ணிக்குள் செலுத்தி, அதனால் உருவான பெரிய கண்ணிக்குள்ளும் செலுத்துங்கள். இறுக்குவதற்குமுன் எச்சிலால் நனைப்பது கட்டாயம். உலர்ந்த நைலானை இழுத்தால் உராய்வின் சூட்டில் முடிச்சின் வலு குறைந்துவிடும்.

5. இருட்டும் விளக்கும்

கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். வெள்ளை விளக்கை ஒரு கணம் பார்த்தாலும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். இருட்டில் பார்க்க உதவும் விழித்திரை உயிரணுக்களைச் சிவப்பு ஒளி பெரிதும் பாதிப்பதில்லை. அதனால் தலைவிளக்கைச் சிவப்பில் வைத்து, இரை கோப்பதற்கு மட்டும் கடலுக்கு முதுகு காட்டி எரியவிடுங்கள். நீரின்மேல் விளக்கை அடித்துப் பார்ப்பது மீனைக் கலைக்கும்.

பாலத்தின் நிலையான விளக்குகளின் நிலை வேறு. அவற்றின் வெளிச்சத்துக்கு மிதவை உயிர்கள் கூடும், அவற்றைத் தேடிச் சிறுமீனும் கணவாயும் வரும், அவற்றைத் தின்னும் பெரிய மீன் வெளிச்சத்துக்குள் வராமல் ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டின் இருண்ட பக்கத்தில் காத்திருக்கும். உங்கள் தூண்டில் இறங்கவேண்டிய இடம் அந்தக் கோடுதான். சில இரவுகளில் நொக்டிலூக்கா போன்ற நுண்ணுயிர்கள் பெருகி, நரம்பு நீரைத் தொடும் இடமெல்லாம் நீல ஒளி சிதறும். எத்தனை முறை பார்த்தாலும் நான் சற்று நேரம் தூண்டிலை மறந்து நிற்கும் காட்சி அது.

6. இறக்குதலும் கடியும்

ஈயம் தரையைத் தொட்டதும் நரம்பு தளரும். தளர்வைச் சுற்றி எடுத்து, ரீலுக்கு முன்னால் நரம்பை ஆள்காட்டி விரல்மேல் கிடத்திக்கொள்ளுங்கள். விரலுக்கு எட்டும் செய்தியை மெல்ல மெல்லத்தான் படிக்கப் பழகவேண்டும். படபடவென்ற சிறு தட்டல்கள் சிறுமீன் இரையைப் பிய்ப்பதால் வருபவை, அப்போது பொறுத்திருங்கள். ஒரு தட்டலுக்குப்பின் நரம்பு சீராக இழுபட்டாலோ, திடீரென்று முற்றிலும் தளர்ந்தாலோ, மீன் இரையை வாயில் கொண்டு நகர்கிறது என்று பொருள். கோலை மேல்நோக்கி ஒருமுறை சுண்டுங்கள். கூர்முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள் பயன்படுத்தினால் சுண்டவே கூடாது. நிதானமாகச் சுற்றினாலே அது வாயின் ஓரத்தில் பதியும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரையை மேலே எடுத்துப் பாருங்கள்; நண்டுகள் சத்தமில்லாமல் தின்றுவிட்ட வெறும் முள்ளோடு காத்திருப்பதில் பயனில்லை.

ரீலின் பிடியை, அதாவது நரம்பு வெளியேறுவதைத் தடுக்கும் இறுக்கத்தை, நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்குக்குச் சரிசெய்து வைத்திருந்தால், பெரிய மீன் ஓடும்போது நரம்பு அறுபடாமல் வெளியேறும்.

7. மேலே ஏற்றுதல்

நீரில் நீந்தும் மீனின் எடையை நீர் தாங்குகிறது. நீரைவிட்டு வெளியே வந்த கணமே முழு எடையும் நரம்பின்மேல் விழும். என் தொடக்கக் காலத்தில் நல்லதொரு கொடுவா மீனைக் கோலாலேயே தூக்க முயன்று, பாதி வழியில் இழந்திருக்கிறேன். வாயில் முள்ளோடு போன அந்த மீனை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. இரும்பு வளையத்தில் வலை கட்டி, கயிற்றால் இறக்கும் இறக்குவலையைத் துணைக்கு வந்தவர் முன்னதாகவே நீருக்குள் இறக்கி வைத்திருக்க, மீனை அதன்மேல் தலைமுன்னாக வழிநடத்துங்கள். கயிறுதான் எடையைத் தூக்கவேண்டும்.

8. கையாளுதல்

எந்த மீன் என்று வெளிச்சத்தில் அடையாளம் காணும்வரை கையால் தொடாதீர்கள். கெளுத்தியின் முதுகு, பக்கவாட்டு முட்களிலும் திருக்கையின் வால் முள்ளிலும் நஞ்சு உண்டு. முள் குத்திவிட்டால், தோல் வெந்துவிடாமல் தாங்கக்கூடிய அளவு, ஏறத்தாழ 45 பாகை செல்சியசுக்கு மேற்படாத சுடுநீரில் அந்த இடத்தை அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை அமிழ்த்திவைப்பது வலியைத் தணிக்கும். அத்துடன் மருத்துவரிடம் செல்லவும் வேண்டும். பேத்தை மீன் வந்தால் திருப்பி விட்டுவிடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் அழிவதில்லை.

சிறுமீன்களையும், விதிகள் அனுமதிக்காத அளவுள்ளவற்றையும் ஈரக் கையால் பிடித்து நீருக்குத் திருப்புங்கள். உலர்ந்த கை, மீனை நோயிலிருந்து காக்கும் வழுவழுப்பான படலத்தை உரித்துவிடும். வைத்துக்கொள்ளும் மீனை உடனே கொன்று, பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த பெட்டியில் இடுங்கள். வெறும் பனிக்கட்டியைவிட இந்தக் கலவை மீனின் உடல் முழுவதையும் தொட்டு விரைவாகக் குளிர்விக்கும்.

9. புறப்படும் முன்

அறுந்த நைலான் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பையில் இடுங்கள். பறவைகளின் காலும் கடலாமைகளின் கழுத்தும் அவற்றில்தான் சிக்குகின்றன. பாலத்தில் சிந்திய இரையைக் கழுவிவிடுங்கள். வீடு சேர்ந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், ரீலின் பிடியை இறுக்கி நல்ல நீரால் மென்மையாகக் கழுவி, துடைத்து, பிறகு பிடியைத் தளர்த்தி நிழலில் உலரவிடுங்கள்.