டோலமைட்டும் நுண்ணுயிரிகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறால் குளத்தில் கொட்டும் வெள்ளைப் பொடியாகத்தான் டோலமைட் நம்மில் பலருக்கு அறிமுகம். வட இத்தாலியில் அதுவே மலைத்தொடராக நிற்கிறது. கால்சியமும் மெக்னீசியமும் சரிக்குச் சரி சேர்ந்த கார்பனேட் அது. பழைய படிவுப் பாறைகளில் ஏராளமாகக் கிடைக்கும். இன்றைய கடலடியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இத்தனைக்கும் கடல்நீரில் அதற்கான சரக்குக்குப் பஞ்சமே இல்லை. லிண்டன் லேண்ட் என்ற புவியியலாளர், தேவையைவிட ஆயிரம் மடங்கு செறிவேறிய கரைசலை 25 டிகிரி செல்சியஸில் 32 ஆண்டுகள் வைத்துப் பார்த்தார். டோலமைட் ஒரு பொட்டுகூடப் படியவில்லை என்று 1998இல் எழுதினார். இதைத்தான் ‘டோலமைட் புதிர்’ என்கிறார்கள்.

அதற்கு முன்பே, 1995இல், வாஸ்கொன்செலோஸ், மெக்கென்சி என்ற ஆய்வாளர்களின் குழுவினர் வேறொரு சேதி சொல்லியிருந்தார்கள். பிரேசிலின் லகோவா வெர்மெல்யா உப்பங்கழிச் சேற்றில் வாழும் சல்ஃபேட் ஒடுக்கும் பாக்டீரியாக்கள் இருந்தால், குறைந்த வெப்பத்திலேயே டோலமைட் உருவாகிறது என்றார்கள். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அதைத் திருப்பிச் சொல்பவர்கள்தான் சறுக்குகிறார்கள்.

‘பாக்டீரியா மெக்னீசியத்தைத் தின்று டோலமைட்டை வெளியேற்றுகிறது’ என்று எழுதுவது முதல் தவறு. நத்தை ஓடு கட்டுவதுபோல அது எதையும் கட்டுவதில்லை. நீரில் ஒவ்வொரு மெக்னீசிய அயனியையும் ஆறு நீர் மூலக்கூறுகள் இறுகச் சூழ்ந்திருக்கும். அந்தப் போர்வை கழன்றால்தான் அது படிகத்துக்குள் நுழைய முடியும். செல் சுவரிலும், அதைச் சுற்றியுள்ள கொழகொழப்பிலும் இருக்கும் கார்பாக்சில் தொகுதிகள் (கரிம அமிலங்களில் காணும் அணுக்கூட்டம்) போர்வையைக் கழற்ற உதவுகின்றன. இன்னொரு பக்கம், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியா சல்ஃபேட்டைக் கொண்டு மட்கைச் சிதைக்கும்போது பைகார்பனேட் சேர்ந்து, நீரின் காரத்தன்மை ஏறுகிறது. பாக்டீரியாவுக்கு இது பிழைப்பு, டோலமைட் உபரி. உயிர்கூடக் கட்டாயம் இல்லை. கார்பாக்சில் ஏற்றிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் உருண்டைகளைப் போட்டே ராபர்ட்ஸ் குழு 2013இல் ஒழுங்கற்ற டோலமைட்டைப் படிய வைத்தது.

‘ஒழுங்கற்ற’ என்ற அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் படிப்பது அடுத்த தவறு. என்னைக் கேட்டால், இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். அசல் டோலமைட்டில் கால்சியம் ஓர் அடுக்கு, மெக்னீசியம் ஓர் அடுக்கு என்று மாறிமாறி வரும். இரண்டும் கலைந்து கிடந்தால், மெக்னீசியம் பாதியளவு இருந்தாலும் அது மெக்னீசியம் மிகுந்த கால்சைட்தான் (கால்சைட் என்பது சுண்ணாம்புப் பாறையின் கால்சியம் கார்பனேட் கனிமம்). செம்பிலிருந்து வரும் எக்ஸ்-கதிரைப் படிகத்தில் பாய்ச்சி எடுத்த வரைபடத்தில் 31 டிகிரிக் கோணத்தை ஒட்டி நிற்கும் பெரிய முகட்டைப் பார்த்ததும் துள்ளக் கூடாது. 35.3 டிகிரிக்கு அருகே இன்னொரு சின்ன முகடு எழ வேண்டும். அடுக்கு ஒழுங்குக்கு அதுதான் சாட்சி. ‘நுண்ணுயிரி டோலமைட்’ என்று வெளியான பல ஆய்வக மாதிரிகளில் அதைக் காணோம்.

சரி, சேற்றில் நடப்பதை மலைக்கு ஏற்றலாமா? கூடாது. பழைய டோலமைட்டின் பெரும்பகுதி, ஏற்கெனவே படிந்த சுண்ணாம்புப் பாறைக்குள் மெக்னீசியம் நிறைந்த நீர் நெடுங்காலம் ஊடுருவி, கால்சைட்டை மாற்றியதால் வந்தது. நூற்றுக்கணக்கான மீட்டர் கனப் பாறைக்கு வேண்டிய மெக்னீசியத்தைச் சேற்றுப் பாக்டீரியா கொண்டுவந்து கொட்டாது. நீரோட்டம்தான் சுமந்து வர வேண்டும். முதல் விதைப் படிகங்களை நுண்ணுயிரி தந்திருக்கலாம். அதற்குமேல் அதன் தலையில் பாரம் ஏற்றுவது மிகை.

நுண்ணோக்கியில் உருண்டை தெரிந்தால் உடனே ‘பாக்டீரியா புதைபடிவம்’ என்பவர்களும் உண்டு. உயிர் சம்பந்தமே இல்லாமலும் உருண்டைகள் படியும். கார்பன் ஐசோடோப்பு, அதாவது லேசான கார்பனுக்கும் கனமான கார்பனுக்கும் உள்ள விகிதம், கொஞ்சம் நம்பகமானது, ஆனால் திசையைக் கவனிக்க வேண்டும்: சல்ஃபேட் ஒடுக்கம் லேசான கார்பனைத் தரும், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் இருந்த இடத்தில் கனமான கார்பன் மிஞ்சும். பாறை பிறகு மறுபடிகமானால் இரண்டு தடயமும் மங்கிவிடும்.

‘நுண்ணுயிரியால் டோலமைட் புதிர் தீர்ந்தது’ என்று முடிக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். மிச்சிகன், ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் டோலமைட் படிகம் ஒன்றைக் கரைசலில் வைத்து, எலக்ட்ரான் கற்றையைத் துடிப்பு துடிப்பாகப் பாய்ச்சினார்கள். ஒழுங்கு கலைந்த அடுக்குகள் ஒவ்வொரு துடிப்பிலும் கரைந்துபோக, இரண்டு மணி நேரத்தில் சுமார் 300 அடுக்குகள் சீராக வளர்ந்தன. அந்தக் கரைசலில் நுண்ணுயிரிக்கு வேலையே இருக்கவில்லை.